ஒரே கடிதம், பல மனங்கள்

(பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வேலையிடத்தில் மாற்றம் வரும்போது மனித மனத்துக்குள் என்ன நடக்கிறது? இதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். வருவது ஒரே மாற்றம். ஆனால் ஒருவர் துள்ளுகிறார், ஒருவர் தூக்கத்தை இழக்கிறார். ஒருவர் மேசையைத் தட்டிச் சண்டைக்கு நிற்கிறார், ஒருவர் வாயே திறப்பதில்லை. ஒரே சம்பளம், ஒரே மேலாளர், ஒரே அறிவிப்பு. ஏன் இத்தனை வேறுபாடு? இதில் குணத்தின் பங்கு எவ்வளவு, நிர்வாகத்தின் பங்கு எவ்வளவு?

இதைப் பேசக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸைவிடப் பொருத்தமான இடம் எது? இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் நிற்கிறது கே.எல். சென்ட்ரல். 2001-இல் அது திறக்கப்படும் முன், அந்த இடம் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ரயில்வே யார்டாக இருந்தது. ரயில்வே தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட நூறு கோட்டர்ஸ் வீடுகள் இங்கேதான் வரிசையாக இருந்தன. இன்று அவை இல்லை. 1957-இல் நெடுந்தூர ரயில்களுக்கு டீசல் எஞ்சின் வந்தது, 1995-இல் மின்சார கொம்யூட்டர் வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது யாரோ ஒருவர் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் தம் கையில் இருந்த தொழிலை மறக்க வேண்டியிருந்தது. இந்த ஊரின் தமிழர்கள் மூன்று தலைமுறையாக மாற்றத்தோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்.

எஞ்சின் மாறியதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் இன்று ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன்.

1983-இல் மலேசிய அரசாங்கம் தனியார்மயக் கொள்கையை அறிவித்தது. 1986-இல் கிள்ளான் துறைமுகத்தின் கொள்கலன் முனையம் தனியார் கைக்குப் போனது. 1987-இல் டெலிகோம் இலாகா கம்பெனி ஆனது. 1990-இல் மின்சார வாரியமான எல்.எல்.என். மறைந்து டி.என்.பி. கம்பெனி வந்தது. 1992-இல் ரயில்வேயான கே.டி.எம். கம்பெனி ஆனது. எல்லாமே நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வேலை பார்த்த இடங்கள். ஒரு நாள் சர்க்கார் ஊழியராகப் படுத்தவர், மறுநாள் கம்பெனி ஊழியராக எழுந்தார். உட்கார்ந்த நாற்காலி அதே நாற்காலி, பிடித்த ஸ்பேனர் அதே ஸ்பேனர். ஆனால் கைக்கு ஒரு கடிதம் வந்தது. அரசு ஓய்வூதியத்திலேயே இருக்கப் போகிறாயா, கம்பெனியின் புதிய விதிகளுக்கும் ஊழியர் சேமநிதிக்கும் மாறப் போகிறாயா, தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போடு என்றது கடிதம். 'ஓப்ஷன் கடிதம்' என்றே நம்மவர்கள் அதைச் சொன்னார்கள்.

இங்கே தலை நரைத்த பலர் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியவர்கள். உங்களில் பலரோடு நான் செந்தூலிலும் கிள்ளானிலும் இங்கேயும் ஒட்டுக்கடைகளில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். கேட்டதைச் சொல்கிறேன்.

ஒருவர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "கம்பெனியில் என்ன கோர்ஸ் எல்லாம் அனுப்புவார்கள்?" என்று கேட்டார். ஒருவர் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஐம்பத்தைந்து வயதில் எவ்வளவு, அறுபதில் எவ்வளவு, தான் போய்விட்டால் மனைவிக்கு எவ்வளவு. மறுநாளும் போட்டார். அதற்கு அடுத்த நாளும் போட்டார். இன்னொருவர் கடிதத்தைப் படிக்கவே இல்லை. நேராக நண்பர்களிடம் போனார். "நீ என்னப்பா போட்ட?" என்று கேட்டார். நண்பர்கள் போட்டதையே அவரும் போட்டார். கூட்டம் கலைந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவர் கவலை. நான்காமவர் ஆபீசரின் மேசையில் கடிதத்தை வீசினார். "இருபது வருஷம் உழைத்தவனை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார்.

ஐந்தாவதாக ஒருவரும் உண்டு. அவர் வீட்டில் இருந்தார். பல வீடுகளில் கடிதத்தைப் படித்துச் சொன்னது ஐந்தாம் படிவம் படிக்கும் மகனோ மகளோதான். அந்தப் பிள்ளையின் குரல் நடுங்கினால் அப்பாவும் நடுங்கினார். "சரியாகிடும்பா" என்று பிள்ளை சொன்னால் அப்பாவுக்கும் மூச்சு வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா கேட்டது ஒரே கேள்வி: "கோட்டர்ஸ் வீடு இருக்குமா?" மனவியல் புத்தகங்களில் தனி மனிதன்தான் மாற்றத்தைச் சந்திக்கிறான். நம் வீடுகளில் அப்படி யாரும் தனியாகச் சந்தித்ததில்லை.

நண்பர்களே, இவர்களில் யார் சரி, யார் தவறு?

மனவியல் ஆராய்ச்சியாளர்கள் மனித குணத்தை ஐந்து பெரிய பண்புகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். புதியதை நாடும் மனம் ஒன்று. ஒழுங்கும் பொறுப்பும் ஒன்று. மனிதரை நாடும் கலகலப்பு ஒன்று. விட்டுக்கொடுத்து இணங்கும் தன்மை ஒன்று. எளிதில் கலங்கும் தன்மை ஒன்று. எல்லோரிடமும் ஐந்தும் உண்டு, அளவுதான் கூடக் குறைய. அன்றைக்கே கையெழுத்துப் போட்டவரிடம் புதியதை நாடும் மனம் கூடுதல். கணக்குப் போட்டவரிடம் பொறுப்பும் கூடுதல், கலக்கமும் கூடுதல். நண்பர்களிடம் ஓடியவர் கலகலப்பும் இணக்கமும் கொண்டவர். கடிதத்தை வீசியவர் எளிதில் இணங்காதவர். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், இந்தக் குண வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பிறப்போடு வருகிறது என்கின்றன. மீதிப் பாதி வாழ்க்கை தருவது.

ஷாவுல் ஓரெக் என்ற ஆய்வாளர் 2003-இல் ஒரு அளவுகோலை வெளியிட்டார். மாற்றத்தை ஒருவர் எவ்வளவு எதிர்ப்பார் என்று அளக்கும் கேள்விப் பட்டியல் அது. பழக்கத்தை விடாமை, மாற்றம் என்றதும் மனம் பதறுவது, உடனடித் தொல்லையை மட்டுமே பார்ப்பது, எண்ணத்தை மாற்றிக்கொள்ளாத பிடிவாதம் என்று எதிர்ப்பை நான்காகப் பிரித்தார். எனக்கு இந்தப் பிரிவு பயனுள்ளதாகப் படுகிறது. ஏனென்றால் நாம் எல்லாவற்றையும் 'பிடிவாதம்' என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறோம். பதறுகிறவருக்குத் தேவை நிதானமான பதில். பழக்கத்தில் வேரோடியவருக்குத் தேவை கால அவகாசம். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே உற்சாக உரையை ஆற்றினால் இருவருக்கும் பயனில்லை.

சரி, குணம் எவ்வளவு தூரம் மனிதனைக் காக்கும்? அமெரிக்காவில் சிகாகோ பக்கம், இல்லினாய் பெல் என்ற தொலைபேசிக் கம்பெனியில் இதைப் பார்த்தார்கள். சல்வத்தோரே மாடி என்ற பேராசிரியரும் அவருடைய மாணவி சூசான் கோபாசாவும் 1975-இலிருந்து அங்கே நூற்றுக்கணக்கான மேலாளர்களை ஆண்டுதோறும் சோதித்து வந்தார்கள். 1981-இல் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டு, பழைய தொலைபேசி ஏகபோகம் சரியத் தொடங்கியது. ஏறத்தாழ 26,000 பேர் இருந்த கம்பெனி ஓராண்டுக்குள் பாதி அளவுக்குச் சுருங்கியது. ஆய்வில் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உடைந்தார்கள். மாரடைப்பு, மனச்சோர்வு, மணமுறிவு, குடி. மூன்றில் ஒரு பங்கினர் தாக்குப்பிடித்தார்கள், சிலர் முன்பைவிடச் செழித்தார்கள். அப்படி நின்றவர்களிடம் என்ன இருந்தது? செய்யும் வேலையிலும் சுற்றியுள்ள மனிதர்களிலும் ஒட்டி நிற்கும் ஈடுபாடு இருந்தது. நம் கையிலும் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தது. வருவதை ஒரு சவாலாக எடுத்துக்கொள்ளும் மனம் இருந்தது.

இந்த ஆய்வைக் கேட்ட மேலாளர்கள் பலர் உடனே ஒரு முடிவுக்கு வருவார்கள்: "அப்படியானால் திடமான ஆளாகப் பார்த்து வேலைக்கு வைப்போம், கலங்குகிறவன் போகட்டும்." இந்த முடிவு தவறு. ஏன் தவறு என்று சொல்ல, உங்களைக் கிள்ளானுக்கு அழைத்துப் போகிறேன்.

கிள்ளான் துறைமுகம் 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. 1963-இல் துறைமுக வாரியம் வரும்வரை அதையும் ரயில்வேதான் நடத்தியது. கப்பலிலிருந்து மூட்டைகளை இறக்குவது கூட்டு வேலை. கொக்கி போட்டு இழுப்பவர், தோள் கொடுப்பவர், எண்ணிச் சொல்பவர், எல்லோரும் ஒரு கேங். வேலையில் பாதி பேச்சு, கிண்டல், பாட்டு. ஒருவருக்கு முதுகு வலித்தால் இன்னொருவர் சேர்த்துத் தூக்குவார். 1973-இல் கொள்கலன் முனையம் வந்தது. மூட்டைகள் இரும்புப் பெட்டிக்குள் போயின. பெட்டியைத் தூக்குவது பாரந்தூக்கி. அதன் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள், ஒரே ஒரு ஆள்.

இப்போது சொல்லுங்கள், அந்த மாற்றம் யாரை அதிகம் வதைத்திருக்கும்? கலகலப்பானவர் மாற்றத்தை எளிதில் ஏற்பார் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் இந்த மாற்றம் பறித்துக்கொண்டது அவர் உயிர் வைத்திருந்த கூட்டத்தை. கேங்கில் யாரோடும் சேராமல் ஒதுங்கி நின்ற அமைதியான மனிதரை நினைத்துப் பாருங்கள். 'ஊமை' என்று கேலி பட்டவர் அவர். அந்தக் கண்ணாடிக் கூண்டு அவருக்குச் சொர்க்கமாக இருந்திருக்கும். நேற்றுவரை குறையாகத் தெரிந்த குணம் இன்றைக்குத் தகுதி. நேற்றுவரை சொத்தாக இருந்த குணம் இன்றைக்குச் சுமை. ஆகவே இவர் மாற்றத்துக்கு ஏற்றவர், இவர் ஏற்றவர் அல்லர் என்று பொதுப்படையாகச் சொல்லவே முடியாது. எந்த மாற்றம், அது எதை எடுத்துக்கொண்டு எதைத் தருகிறது என்று கேட்காமல் குணத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

சாலைக்கு வருவோம். பெடரல் நெடுஞ்சாலையில் பத்து தீகாவிலும் சுங்கை ரசாவிலும் இருந்த டோல் சாவடிகள் 2018 ஜனவரி முதல் நாள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களான நாம் எவ்வளவு மகிழ்ந்தோம்! மகிழ்ந்ததில் தவறே இல்லை. அதற்கு முன்பே பல நெடுஞ்சாலைகளில் ரொக்கம் வாங்குவது நின்று எல்லாம் அட்டை ஆகிவிட்டது. அந்தச் சாவடிகளுக்குள் உட்கார்ந்திருந்தவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர்! புகையும் இரைச்சலும் நிறைந்த வேலைதான். ஆனால் ஷிஃப்ட் முடிந்து பெட்டியைக் கணக்குக் கொடுக்கும்போது ஒரு சென்கூடக் குறையாமல் ஒப்படைத்தார்களே, அது அவர்களுடைய பெருமை. பொறுப்பு என்ற அந்தப் பண்பு அங்கே நாள்தோறும் மரியாதை பெற்றது. இயந்திரம் வந்ததும் யாரும் அந்தப் பண்பைக் குறை சொல்லவில்லை. அதைப் பற்றிக் கேட்கவே ஆளில்லாமல் போனது. வேலை போகும்போது சம்பளத்தோடு, ஒருவருடைய எந்தக் குணம் தினமும் பாராட்டப்பட்டதோ அந்தப் பாராட்டும் போகிறது. "வேறு வேலை தருகிறோமே, இன்னும் என்ன அழுகை?" என்று கேட்கிறவர்கள் இதைத்தான் பார்ப்பதில்லை. இன்று வங்கிக் கிளையிலும், ஆஸ்பத்திரிப் பதிவு மேடையிலும், கணக்கர் அலுவலகத்திலும் இதே கதை நடந்துகொண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது என் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். குணம் பாதி பிறப்போடு வருகிறது என்றால், மனிதன் என்ன செய்ய முடியும்? நிர்வாகம்தான் என்ன செய்ய முடியும்? கலங்குகிறவர் கலங்கட்டும், முறைக்கிறவர் முறைக்கட்டும் என்று விட்டுவிடலாமா?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்வுட் என்ற கம்பெனி. இரவு உடை தைக்கும் தொழிற்சாலை, வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தையல் முறையை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது, மாற்றும்போதெல்லாம் பிரச்சினை வந்தது. லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் அங்கே ஒரு சோதனை நடத்தி 1948-இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவிடம், "நாளையிலிருந்து இப்படித்தான்" என்று விளக்கிவிட்டு முறையை மாற்றினார்கள். மற்றக் குழுக்களை உட்கார வைத்து, ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது என்று காட்டி, எப்படி மாற்றலாம் என்று அவர்களையே வடிவமைக்கச் சொன்னார்கள். ஒரு குழு பிரதிநிதிகள் வழியாகப் பங்கெடுத்தது, வேறு குழுக்களில் எல்லோருமே பங்கெடுத்தார்கள். சொல்லிவிட்டு மாற்றிய குழுவில் உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை. மேற்பார்வையாளரோடு சண்டை. முதல் நாற்பது நாளில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டே போனார்கள். எல்லோரும் பங்கெடுத்த குழுக்கள் சில நாட்களில் பழைய வேகத்தைப் பிடித்து, அதையும் தாண்டின.

"அந்த முதல் குழுவில் முரட்டு ஆட்கள் சேர்ந்திருப்பார்கள், குணம் அப்படி" என்று நீங்கள் சொல்லலாம். அதையும் சோதித்தார்கள். இரண்டரை மாதம் கழித்து, அந்த முதல் குழுவில் மிஞ்சியிருந்த அதே பெண்களை மறுபடி கூட்டி, இந்த முறை அவர்களையும் முழுமையாகப் பங்கெடுக்க வைத்து வேறொரு வேலைக்கு மாற்றினார்கள். அதே பெண்கள். அதே குணங்கள். இந்த முறை சண்டை இல்லை, யாரும் வேலையை விடவில்லை, உற்பத்தி ஏறியது.

இதை நான் படித்த நாளிலிருந்து, "அவன் அப்படித்தான், மாற மாட்டான்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. முதல் தடவை 'முரடர்கள்' என்று பெயர் வாங்கியவர்களை முரடர்கள் ஆக்கியது எது? அவர்களிடம் கேட்காததுதான். குணம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய குணத்தின் எந்தப் பக்கம் வெளியே வரும் என்பதை அவரை நடத்தும் விதம் பெருமளவு முடிவு செய்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இதைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்க எனக்கு மனம் வராது. மன உறுதி, மீண்டெழும் ஆற்றல் என்றெல்லாம் இன்று பயிற்சி வகுப்புகளில் நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு சில நேரம் அநியாயத்தை மூடும் துணியாகிவிடுகிறது. புத்ராஜெயா கட்டுவதற்காக பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் எடுக்கப்பட்டன. அங்கே பால் மரம் வெட்டியவர்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். சுவர்கள் வெடித்தன. தரை வீடு கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அவர்களைப் பார்த்து "மாற்றத்தை ஏற்கும் மனம் வேண்டும்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அங்கே போனது வேலை, வீடு, கோயில், பக்கத்து வீடு எல்லாம் ஒரே நேரத்தில். அந்தக் கோபத்துக்குக் காரணம் தேட எந்தக் குணப் பரிசோதனையும் தேவையில்லை. கோபம் நியாயமாக இருக்கும்போது அதை நோய் என்று சொல்வது கொடுமை.

ஆகவே, வேலையிடத்தில் மாற்றத்தைக் கொண்டுவரும் பொறுப்பில் இருப்பவர்கள், இங்கே மேலாளர்களும் மண்டோர்களும் இருக்கிறீர்கள், முதலில் மாற்றம் நியாயமானதா என்று பாருங்கள். அது நியாயமானது என்ற நம்பிக்கை உங்களுக்கு இருந்தால், பிறகு ஆட்களைப் பாருங்கள். மாற்றம் போன்ற நெருக்கடி வந்ததும் மனம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது என்று லாசரஸ், ஃபோக்மன் என்ற இருவர் 1984-இல் ஒரு நூலில் எழுதினார்கள். இதனால் எனக்கு என்ன ஆகும்? என்னால் என்ன செய்ய முடியும்? முதல் கேள்விக்குப் பதில் தெரியாதவரை, இரண்டாவதைப் பற்றி எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் காதில் ஏறாது. சம்பளம், ஷிஃப்ட், இடம், வீடு. இவற்றுக்கான பதிலை எழுத்தில், அவர்கள் படிக்கும் மொழியில், முதல் நாளே கொடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எந்தத் தேதியில் தெரியும் என்று சொல்லுங்கள். கலங்குகிற மனத்தைக் கெட்ட செய்தியைவிடச் செய்தி இல்லாததுதான் அதிகம் அரிக்கிறது.

அந்தக் காலண்டர் கணக்குக்காரரை மறந்துவிடாதீர்கள். கலங்குகிறவர் என்று ஒதுக்கப்பட்ட அவரிடம்தான் கடைசியில் பாதிப் பேர் வரிசையில் நின்று, "அண்ணே, எனக்கு எது லாபம், பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டார்கள். ஓட்டைகள் முதலில் கண்ணில் படுவது பயப்படுகிறவருக்குத்தான். புதிய மென்பொருளோ புதிய இயந்திரமோ வரும்போது, அதைச் சோதிக்கும் குழுவில் உற்சாகக்காரர்களை மட்டும் போட்டால் அந்த ஓட்டைகள் திறப்பு விழாவுக்குப் பிறகுதான் தெரியும்.

பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள். உங்களுக்கு மாற்றம் பிடிக்கிறது, நல்லது. ஆனால் உங்கள் பக்கத்து மேசையில் இருக்கும் ஐம்பது வயது அக்கா புதிய திரையைப் பார்த்துத் திணறும்போது, விசையை நீங்களே தட்டி முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அவர் கையாலேயே தட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை மனிதனுக்கு வருவது முக்கியமாகத் தன் கையால் செய்து பார்த்துத்தான். வயது ஏற ஏறப் பெரும்பாலோருக்குப் பொறுப்பும் மன நிதானமும் கூடுகின்றன என்று நெடுங்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த அக்காவிடம் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

மேற்பார்வையாளர்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பிரிவில் எந்த அறிவிப்பு வந்தாலும் முதலில் முறைக்கிற ஒருவர் இருப்பார், இப்போதே அவர் முகம் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். நாளைக் காலை பசியாறும் நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். வரப்போகும் மாற்றத்தில் என்ன கோளாறு என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பதில் சொல்லாதீர்கள். அவர் சொன்னதில் எது சரியோ அதை எழுதி, அவருடைய சம்மதத்தோடு மேலிடத்துக்கு அனுப்புங்கள். கடிதத்தின் கீழே அவர் பெயரைப் போடுங்கள்.